பதினைந்து வயதுப் பையனின் பக்கத்தில் யார்?

சென்ற மாதம் ஓர் ஆலைத் தொழிலாளர் கிளைக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். போனஸ், ஒப்பந்தக் கூலி, வாயிற்கூட்டம் எல்லாம் பேசி முடித்துத் தோழர்கள் டீ குடித்துக் கொண்டிருந்த நேரம். நூற்புப் பகுதியில் வேலை பார்க்கும் ஒரு தோழர், சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் கத்தோலிக்கக் குடும்பத்தவர். இருபது வருஷமாகச் செங்கொடிச் சங்கத்தில் இருப்பவர். மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கொடுத்த துண்டறிக்கை அது.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பையன்களுக்குக் குணநலப் பயிற்சி. சனிக்கிழமைதோறும் மாலை இரண்டு மணி நேரம். ஏழெட்டுப் பையன்களுக்கு ஒரு வழிகாட்டி அண்ணன். ஜெபம், விளையாட்டு, கலந்து பேசுதல். கோடை விடுமுறையில் மலையில் ஐந்து நாள் முகாம். கட்டணம் இல்லை, சாப்பாடு உண்டு.

“பையன் போக ஆசைப்படுகிறான். அனுப்பலாமா, தோழர்?” என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. “செங்கொடி பிடித்தவன் பிள்ளையைச் சாமியார் கையில் கொடுப்பதா?” என்றார் ஒருவர். “பையன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் நாலு பேரோடு பேசினாலே போதும், யார் கூப்பிட்டால் என்ன?” என்றார் இன்னொருவர். வயதான தோழர் ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய பேரன் கையில் இப்போது என்ன வர்ணத்தில் கயிறு கட்டியிருக்கிறது என்பது கிளையில் எல்லாருக்கும் தெரியும்.

இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில், குணம் என்ற சொல்லைக் கண்டு நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அது முதலாளி வீட்டுச் சொத்தல்ல. வேலைநிறுத்தம் பதினேழாவது நாளை எட்டும்போது வீட்டில் அரிசிப் பானை காலியாக இருக்கிறது. மேஸ்திரி பின்வாசல் வழியாக ஆள் அனுப்பி, “நீ மட்டும் வா, உன் பேர் வெளியே வராது” என்கிறான். அப்போது போகாமல் நிற்பதற்குப் பெயர் என்ன? 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 இரவில், ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அதே இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். அந்த மறுப்புக்குப் பெயர் என்ன? சங்கப் பணத்தில் ஒரு ரூபாய் தொடாத பொருளாளர், சம்பள நாளில் சாராயக் கடையைத் தாண்டி வீடு வந்து சேருகிற தொழிலாளி, வயல் வரப்பில் பெண்களிடம் கை நீட்டும் கங்காணியைத் தட்டிக் கேட்கிற விவசாயத் தொழிலாளி, இவர்களெல்லாம் குணமில்லாமல் வந்தார்களா? ஆகவே, பையன்களுக்குக் குணப் பயிற்சி கொடுக்கிறோம் என்று ஒருவர் வந்தால், அது எதற்கு உதவும் குணம், யாருக்குப் பயன்படும் குணம் என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

இதை விளக்க ஒரு பழைய கதை உண்டு. அது நடந்த இடம் கியூபா.

ஹவானா நகரத்தில் பெலன் என்ற பள்ளிக்கூடம் இருந்தது. 1854ல் ஜேசு சபையார் தொடங்கியது. கியூபாவின் கரும்புத் தோட்ட முதலாளிகள், பெரிய வக்கீல்கள், வர்த்தகர்கள் ஆகியோரின் பிள்ளைகள் படித்த இடம். நாட்டை நாளை ஆளப் போகிறவர்களை இன்றே உருவாக்குவதுதான் அந்தப் பள்ளியின் நோக்கம். அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. படிப்பு ஒரு பங்கு என்றால் விளையாட்டு, மலையேற்றம், தியானம், கட்டுப்பாடு மூன்று பங்கு. மாணவர்களோடு சேர்ந்து விளையாடவும், காட்டில் கூடாரம் போட்டுத் தங்கவும் இளம் துறவிகளை நியமித்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களில் ஒருவர் அமாண்டோ லோரெண்டே. ஸ்பெயினிலிருந்து வந்தவர், அப்போது இருபத்தைந்து வயதைச் சுற்றியிருக்கும்.

1942ல் அந்தப் பள்ளிக்கு ஒரு பண்ணைக்காரர் மகன் வந்து சேர்ந்தான். கிழக்கு மாகாணத்தில் பிரான் என்ற கிராமம். தகப்பனாருக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர். கரும்பு வெட்ட ஹெய்த்தியிலிருந்து வந்த கூலிகள் பனையோலைக் குடிசைகளில் வாழ்ந்ததைப் பார்த்து வளர்ந்த பையன். உயரமானவன், முரட்டுப் பிடிவாதம். பெயர் பிடல் காஸ்ட்ரோ.

மலையேறப் போனால் அவன் இறங்கி வர நேரமாகும். பேருந்து முழுவதும் மற்றப் பையன்கள் இரண்டு மணி நேரம் காத்துக் கிடப்பார்கள். ஆனால் சாமியார்கள் அவனைத் திட்டவில்லை. எடுத்ததை விடாத குணம் என்று கண்டு உற்சாகப்படுத்தினார்கள். பிடலே பின்னாளில் சொன்ன விஷயம் இது. ஒரு தடவை வெள்ளம் வந்த ஆற்றைக் கடக்கும்போது லோரெண்டே அடித்துச் செல்லப்பட இருந்தார் என்றும், அந்த மாணவன்தான் இழுத்துக் காப்பாற்றினான் என்றும் லோரெண்டே சொல்லியிருக்கிறார்.

காப்பாற்றப்பட்ட சாமியார் 1958 கடைசியில் மாடு வியாபாரி வேஷத்தில் சியரா மாஸ்ட்ரா மலைக்குப் போய்ப் பழைய மாணவனைச் சந்தித்தார். தமக்கு மதநம்பிக்கை போய்விட்டது என்று பிடல் சொன்னாராம். சில வாரங்களில் புரட்சி வென்றது. 1961ல் பள்ளிகளெல்லாம் சர்க்கார் வசமாயின. பெலன் பள்ளியின் சாமியார்கள் அமெரிக்காவின் மியாமி நகரத்துக்குப் போய், அங்கே அதே பெயரில் பள்ளி தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. லோரெண்டேயும் மியாமிக்கே போனார். 2010ல் அங்கேயே இறந்தார்.

இதில் நமக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். பிடலைப் பற்றி மட்டும் பேசினால் பாடம் பாதிதான். அவரோடு அதே வகுப்பறையில் உட்கார்ந்து, அதே மலையில் ஏறி, அதே தியானத்தில் மூன்று நாள் வாய்பேசாமல் இருந்த பையன்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலோர் தங்கள் தோட்டங்களோடும் பங்களாக்களோடும் நின்றார்கள்; அவை போனபோது மியாமிக்குக் கப்பலேறினார்கள். 1961 ஏப்ரலில் அமெரிக்க உளவு ஸ்தாபனம் ஆயுதம் கொடுத்து அனுப்பிய படை பிளாயா ஹிரோன் கரையில் இறங்கியபோது, அதில் பெலன் பள்ளியின் பழைய மாணவர்களும் இருந்தார்கள். கூடவே மூன்று பாதிரிமார்களும் இருந்தார்கள். துணிவு, கட்டுப்பாடு, தலைமைக் குணம் எல்லாம் அவர்களுக்கும் கற்பிக்கப்பட்டவைதான். ஒரே உலையில் காய்ச்சிய இரும்பு. ஒன்று அரிவாளாயிற்று, மற்றது அரிவாளுக்கு எதிரான துப்பாக்கியாயிற்று.

இதைவிட நம் விவசாயத் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. படித்த கத்தோலிக்க இளைஞர்களைக் கல்லூரி வயதிலும் கைவிடாமல் வளர்ப்பதற்காக ஜேசு சபையார் ஹவானாவில் 1931ல் ஒரு மாணவர் குழுவைத் தொடங்கியிருந்தார்கள். லோரெண்டேயே பிற்பாடு அதற்குத் தலைமை தாங்கினார். அந்தக் குழுவின் இளைஞர்கள் 1956-57ல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கிராமங்களுக்குப் போய் விவசாயக் கூலிகளின் குடிசைகளில் நுழைந்து, என்ன சாப்பிடுகிறாய், எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன நோய் என்று கணக்கெடுத்தார்கள். வழக்கமான சாப்பாட்டில் இறைச்சி உண்டு என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 4 பேர். முட்டை, 2 பேர். பால், 11 பேர். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் மீன் சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 43 பேர். இதையெல்லாம் அச்சிட்டு, நிலச் சீர்திருத்தம் ஏன் தேவை என்று அந்த இளைஞர்களே கேட்டார்கள்!

பிறகு, 1959 மே 17ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பிடல் தன் குடும்பத்துப் பண்ணையையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் கணக்கெடுத்த குழுவிலிருந்து வந்தவர்கள் பலர் எதிர்ப்பக்கம் போனார்கள். அந்தக் குழுவில் வளர்ந்த மனுவேல் ஆர்த்திமே என்பவர், புதிய சர்க்காரின் நிலச் சீர்திருத்த நிர்வாகத்திலேயே சில மாதம் வேலை பார்த்தவர். 1961 படையெடுப்புக்கு அரசியல் தலைவராக வந்து இறங்கினார். ஏழையின் தட்டை எட்டிப் பார்த்தவர்கள்; அதில் இறைச்சி இல்லை என்று மனம் நொந்தவர்கள். இறைச்சியை யாரிடமிருந்து எடுத்து வைப்பது என்ற இடத்தில்தான் கால் பின்வாங்கியது. ஈரநெஞ்சம் வேறு, கூலிக்காரன் பக்கம் நிற்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

பெலன் பணக்காரப் பிள்ளைகளின் பள்ளி. அதே கத்தோலிக்கச் சபைக்குள், ஆலைப் பையன்களுக்காகவே பிறந்த இன்னொரு முறையும் இருக்கிறது. நம் தோழர் கையிலிருந்த துண்டறிக்கைக்கு அதுதான் நெருங்கிய சொந்தம். அது பெல்ஜியத்தில் பிறந்தது.

ஜோசப் கார்டைன் என்ற பையன் 1882ல் உழைக்கும் குடும்பத்தில் பிறந்தான். சாமியாராகப் படிக்க 1897ல் குருமடம் போனான். விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, கூடப் படித்த கூட்டாளிகளெல்லாம் ஆலைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் இவனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. சாமியார் என்றால் முதலாளியின் ஆள் என்பது அவர்களுடைய எண்ணம். ஆலை ஓரிரு வருஷத்தில் அந்தப் பையன்களுக்குக் கற்பித்த பாடம் அது! இந்த அவமானத்தைக் கார்டைன் கடைசிவரை மறக்கவில்லை. 1903ல் தகப்பனாரின் மரணப் படுக்கையருகே, தொழிலாளி வர்க்கத்துக்காகவே வாழ்வேன் என்று சத்தியம் செய்தார்.

பிறகு அவர் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் 1925ல் முழு உருவம் பெற்றது. அதன் வழிமுறை மூன்றே சொற்கள்: பார், சீர்தூக்கு, செய். பையன்கள் சின்னக் குழுவாக உட்காருவார்கள். பிரசங்கம் குறைவு, கேள்வி அதிகம். உன் பட்டறையில் எத்தனை மணி நேர வேலை? என்ன கூலி? மேஸ்திரி எப்படிப் பேசுகிறான்? கூட வேலை செய்கிற பெண்பிள்ளைக்கு என்ன நடந்தது? அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வா. வந்ததை வைத்து, இது நியாயமா என்று பேசுவார்கள். அதற்கடுத்த வாரத்துக்குள் செய்ய முடிந்த ஒரு காரியத்தைத் தீர்மானிப்பார்கள்.

இதில் நாம் மயங்கிவிடவும் கூடாது. கார்டைன் கம்யூனிஸ்டு அல்ல. தொழிலாளர்கள் சர்ச்சை விட்டுச் சிவப்புக் கொடிப் பக்கம் போவதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த இயக்கத்தின் பிறப்பிலேயே உண்டு. போப்பின் ஆசீர்வாதம் கிடைத்ததும் அதனால்தான். ஆனால் கண்ணைத் திறந்து பார் என்று ஒருவனிடம் சொல்லிவிட்டால், எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று பிறகு வரம்பு கட்டுவது கஷ்டம். கார்டைனின் முதல் தோழர்களான பெர்னாண்ட் தோனே, பால் கார்சே இருவரும் நாஜிகளின் டாஹவ் சித்திரவதை முகாமில் 1945ல் உயிர் விட்டார்கள். அதே மாதிரி முகாம்களில் நம் தோழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

இந்த முறை ஆலையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பரவியது. இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் என்ற பெயரில் பல நாடுகளில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே வளர்ந்தது. நம் நாட்டுப் பள்ளிகளிலும் அது உண்டு. பிற மதத்து மாணவர்களும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் அது முழு வேகத்தில் ஓடியது பிரேசில் நாட்டில்.

அங்கே பெலோ ஒரிசோந்தே நகரத்தில் 1957ஐ ஒட்டிப் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் அதில் சேர்ந்தான். இருபது வயதாவதற்குள் அகில பிரேசில் பொறுப்புக்கு வந்துவிட்டான். பார்க்கச் சொன்னார்கள், வடகிழக்குப் பிரேசிலின் பட்டினியைப் பார்த்தான். சீர்தூக்கச் சொன்னார்கள், நிலம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டான். 1964ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. செய் என்ற மூன்றாவது சொல்லுக்கு அப்போதுதான் விலை கொடுக்க வேண்டி வந்தது. அந்த இளைஞன் டொமினிக்கன் சபையில் துறவியானான். புரட்சிக்காரர் கார்லோஸ் மாரிகெல்லாவின் இயக்கத்துக்கு உதவியதற்காக 1969ல் கைதாகி 1973 வரை சிறையில் கிடந்தான். உலகம் அவரைப் ப்ரே பெத்தோ என்று அறியும். அவரோடு கைதான இன்னொரு துறவி டிட்டோ, அவரும் மாணவர் இயக்கத்தில் வளர்ந்தவர்; சித்திரவதையின் நினைவு விடாமல் துரத்தியதால் 1974ல் பிரான்சில் தன் உயிரை மாய்த்துக் கொண்டார்.

ஆயர்கள் என்ன செய்தார்கள்? 1960களின் நடுவில், பையன்கள் கை மீறிப் போய்விட்டார்கள் என்று அந்த மாணவர் இயக்கத்தைக் கைகழுவினார்கள். கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்துவிட்டு, கேள்வி தங்கள் வாசலுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார்கள். எல்லாரும் அல்ல, தொழிலாளர்களோடு நின்ற ஆயர்களும் அங்கே உண்டு. மறைக்க வேண்டியதில்லை.

1985 மே மாதம் ஹவானாவில் ஒரு சந்திப்பு நடந்தது. ஆளும் வர்க்கத்துப் பள்ளியில் குணப் பயிற்சி பெற்றுப் புரட்சிக்காரரான பிடலும், மாணவர் குழுவில் பயிற்சி பெற்றுச் சிறைக்குப் போன ப்ரே பெத்தோவும் எதிரெதிரே உட்கார்ந்து 23 மணி நேரம் பேசினார்கள். அது ‘பிடலும் மதமும்’ என்ற பொருள் கொண்ட பெயரில் அதே ஆண்டில் புத்தகமாக வந்தது. கியூபாவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

அதில் பிடல் தன் பழைய சாமியார்களைக் கேவலப்படுத்தவில்லை. நேர்மை, தைரியம், தியாகம், தன்மானம் ஆகியவற்றை அவர்கள் மதித்தார்கள், அது தனக்கு உதவியது என்று நன்றியோடு சொல்கிறார். ஆனால் குறையையும் விடவில்லை. மூன்று நாள் தியானத்தில் நரகத்தின் சூட்டையும் முடிவில்லாத வேதனையையும் வர்ணித்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தியது. எதையும் விளக்காமல் நம்பு என்று திணித்தது. கறுப்பினப் பையன்களுக்கு அந்தப் பள்ளியில் இடமில்லாமல் இருந்தது. அவர் எழுப்பும் ஒரு கேள்வி நம்மை வெகுநேரம் யோசிக்க வைத்தது. தண்டனைக்குப் பயந்தும் பரிசுக்கு ஆசைப்பட்டும் செய்கிற நல்ல காரியத்தில் என்ன பெருமை இருக்கிறது? நம் சங்கங்களிலும், பதவிக்காக ஓடுகிறவர்களை நோக்கி இதைக் கேட்கலாம்.

கியூபாவும் பிரேசிலும் போதும். நம் ஊருக்கு வருவோம்.

நம் பையன்களுக்குப் பதினைந்து வயதில் யார் பக்கத்தில் இருக்கிறார்கள்? தென்மாவட்டப் பள்ளிகளில் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று சாதிக்கு ஒரு வர்ணத்தில் கயிறு கட்டிக்கொண்டு பையன்கள் வகுப்புக்கு வருகிறார்கள். கயிற்றை அவர்கள் கடையில் தாமாகப் போய் வாங்குவதில்லை. கட்டிவிட ஓர் அண்ணன் இருக்கிறான். அவன் பையனுக்குப் பைக்கில் பின்னிருக்கை தருகிறான்; பரோட்டா வாங்கித் தருகிறான்; உன்னை யாராவது தொட்டால் நாங்கள் இருக்கிறோம் என்கிறான். அவனும் ஒரு வழிகாட்டிதான்! 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள், உடன் படித்த பையன்கள். அதன் பிறகு சர்க்கார் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. சரியான பரிந்துரை. ஆனால் கயிற்றை அறுத்துவிட்டால் அந்தக் கை என்ன செய்யும், எதைப் பிடிக்கும்?

இங்கே நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் ஆலைச் சேரிகளிலும் தஞ்சைக் கிராமங்களிலும் நம் தோழர்கள் இரவுப் பள்ளி நடத்தினார்கள். அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பையன்கள் உட்கார்ந்து பத்திரிகை வாசிப்பார்கள். ஜீவா கட்சிக்கு வருவதற்கு முன்பே சிராவயலில் ஆசிரமம் நடத்திப் பிள்ளைகளோடு வாழ்ந்தவர். பக்கத்துக் கேரளத்தில் 1938லேயே குழந்தைகளுக்கென்று பாலசங்கம் கண்டார்கள், இன்றும் நடக்கிறது. நம் சங்க அலுவலகத்தில் இன்று நிலைமை என்ன? நாம் போயிருந்த கிளையில் ஒரு கேரம் பலகை இருக்கிறது. அதன் மேல் பழைய சுவரொட்டிக் கட்டு. காய்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே மூன்று பேர். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் உள்ளே வந்து ஏதாவது கேட்டால், “அப்பாவைத் தேடுகிறாயா தம்பி?” என்றுதான் கேட்போம். மே தினத்துக்குக் கொடி பிடிக்க மட்டும் பையன் வேண்டும்!

இந்த நிலையில், சாமியாரிடம் அனுப்பாதே என்று அந்தத் தோழருக்குக் கட்டளை போட நமக்கு என்ன யோக்கியதை? சனிக்கிழமை மாலை பையனை வீட்டில் நிறுத்தி வைத்துவிட்டு, நாம் அவனுக்கு எதைக் கொடுக்கப் போகிறோம்?

அனுப்புங்கள் என்பதே நம் அபிப்பிராயம். கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

முதலில் நீங்களே ஒரு சனிக்கிழமை போய் உட்காருங்கள். பந்தியைப் பாருங்கள். எல்லாத் தெருப் பையன்களும் வந்திருக்கிறார்களா, ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? செத்தவனைப் புதைக்கவும் சாதிக்கொரு பக்கம் வைத்திருக்கும் பங்குகள் தமிழ்நாட்டில் இருப்பது சாமியாருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் இல்லாத சமத்துவம் முகாம் பந்தியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.

வழிகாட்டி அண்ணன் யார், என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். எந்தப் பெரியவரும் எந்தப் பையனோடும் கதவடைத்துத் தனியாக இருக்கும் ஏற்பாடு கூடாது என்று நேராகச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். பல நாடுகளில் பாதிரிமார்கள் சிலர் பிள்ளைகளைச் சீரழித்ததும், மேலிடத்தார் பல வருஷம் அதை மூடி மறைத்ததும் 2002க்குப் பிறகு உலகமெங்கும் வெளிவந்துவிட்டது. நம் நாட்டில் 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் பாதிரியாருக்கும் பொருந்தும், பள்ளி வாத்தியாருக்கும் பொருந்தும், கட்சித் தோழருக்கும் பொருந்தும். நல்ல சாமியாராக இருந்தால் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

துண்டறிக்கையில் கீழ்ப்படிதல் என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. கூலி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆகவே பையனிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்புங்கள்: “எங்க அப்பா பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார், எட்டு மணி நேரத்துக்குத்தான் பணம் வருகிறது. இது யாருடைய குணக்கேடு?” வழிகாட்டி அண்ணன் கார்டைன் வழியில் வந்தவராக இருந்தால், மற்றப் பையன்களிடமும் திருப்பிக் கேட்டு, அடுத்த வாரம் கணக்கெடுத்து வரச் சொல்வார். அப்பாவுக்காக ஜெபம் செய் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால், அந்த முகாம் எங்கே நிற்கிறது என்பது பையனுக்கே புரிந்துவிடும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடச் சூட்டிகையானவர்கள்.

பையன் ஜெபம் செய்வதைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. ஆலை வாசலில் நெற்றியில் விபூதி பூசியவரும், கழுத்தில் ஜெபமாலை போட்டவரும், தொப்பி வைத்தவரும் ஒரே கோஷம்தான் போடுகிறார்கள். கடவுளைப் பற்றிய விவாதத்தை அவன் மீசை முளைத்த பிறகு அவனோடு வைத்துக் கொள்ளலாம்.

கிளைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை சாமியாருடையது என்றால் ஞாயிறு சாயந்திரம் காலியாகத்தானே இருக்கிறது? சுவரொட்டிக் கட்டை இறக்கிவிட்டுக் கேரம் காய்கள் வாங்க முந்நூறு ரூபாய் போதும். இரண்டு இளந்தோழர்கள் பொறுப்பு ஏற்கட்டும். அதில் ஒருவராவது கோபக்காரராக இல்லாமல் இருப்பது நல்லது. எல்லாச் சாதிப் பையன்களும் வரட்டும். பெண் பிள்ளைகளும் வரட்டும். சாமியாரின் துண்டறிக்கையில் பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை, நாமும் அதே தப்பைச் செய்ய வேண்டாம். முதல் மாதம் யாரும் பிரசங்கம் செய்யக் கூடாது. கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். அவன் அப்பாவின் சம்பளச் சீட்டையே கணக்குப் புத்தகமாக வைத்துக் கொள்ளலாம். பிடித்தம் எவ்வளவு, ஏன் என்று அவனே கேட்பான்.

இதை அந்தக் கிளையில் சொன்னபோது, பேசாமல் இருந்த வயதான தோழர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “என் பேரனையும் கூட்டி வரலாமா?” என்றார். கயிற்றோடு வந்தாலும் கூட்டி வரும்படி சொன்னோம்.

முகாமுக்குப் போகும் பையனின் தகப்பனாரிடம், மகன் திரும்பி வந்து என்ன சொன்னான் என்பதை நாலு வரி எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறோம். நல்லதாக இருந்தாலும் சரி, கெட்டதாக இருந்தாலும் சரி, வந்ததும் வெளியிடுவோம்.